வி.ஏ-ல குடுக்கற தற்கொலைத் தடுப்பு தெரபி எப்படி இருக்கு? தம்பிக்கு எடுத்த அனுபவத்துல ஒரு ரிவ்யூ

நீளமா படிக்க நேரமில்லாதவங்களுக்கு தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன். அமெரிக்க ராணுவத்துல இருந்து வெளிய வந்தவங்க யாராவது உங்க வீட்ல இருந்து, உயிர விட்டுடலாம்ங்கற எடம் வரைக்கும் போயி திரும்பி வந்திருந்தா, முன்னாள் ராணுவ ஆளுங்களுக்குன்னு (வெட்டரன்ஸ்) அரசாங்கம் நடத்தற வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் ஆஸ்பத்திரில (வி.ஏ-ன்னுதான் எல்லாரும் சொல்றது) அதுக்குன்னே ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு. தற்கொலைத் தடுப்புக்கான சி.பி.டி-ன்னு பேரு (சி.பி.டி-னா நெனப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை). பொதுவா "தெரபி வேணும்"னு கேக்காம இந்த பேர சொல்லியே கேளுங்க. எங்க தம்பிக்கு கேட்டது அதத்தான், அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒரு ஸ்டார ஏன் புடிச்சு வெச்சேன்னு கீழ வரும்.

அமெரிக்க ஆர்மில நம்மாளுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. 2009-ல மாவ்னி-ன்னு ஒரு திட்டம் வந்துச்சு, க்ரீன் கார்டு இல்லாதவங்களையும், ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்களையும்கூட, ராணுவத்துக்கு வேண்டிய மொழி தெரிஞ்சா சேத்துக்கிட்டாங்க, அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. 2016-ல புது ஆள் எடுக்கறத நிறுத்துற வரைக்கும் எல்லா மொழியும் சேத்து பத்தாயிரம் பேருக்கு மேல அந்த வழியா போனாங்க. எச்1பி லாட்டரிக்கு வருஷக்கணக்கா வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, பேசிக் ட்ரெய்னிங் முடிஞ்ச கையோட சிட்டிசன்ஷிப்னா யாருக்குத்தான் ஆச வராது. எம்.எஸ் முடிச்ச எங்க தம்பியும் போனான். மதுரைல அம்மாகிட்ட "கவர்மென்ட் வேலை, பென்ஷன் உண்டு"ன்னு மட்டும் சொன்னான், அந்தம்மா ஏதோ கருவூலத்துல உக்காந்து கணக்கு எழுதறான்னு நெனச்சு தெரு பூரா சொல்லி வெச்சிருந்துச்சு. ஆப்கானிஸ்தான் போயிட்டு வந்த அப்புறம்தான் விஷயமே தெரியும்.

வெளிய வந்து ஐ.டி வேலை, கல்யாணம், அது நிக்கல, டெக்சாஸ்ல தனியா ஒரு அபார்ட்மென்ட். அந்த ராத்திரி என்ன நடந்துச்சுங்கறத இங்க எழுத மாட்டேன், அது அவனோடது. அவன்கிட்ட கேட்டுட்டுதான் இதயே எழுதறேன், "பேரு போடாத, மத்தத எழுது, எவனுக்காவது ஒதவும்"னான்.

வி.ஏ-க்கு முன்னாடி அவன் ஆபீஸ் இன்சூரன்ஸ் வழியா ஒரு பிரைவேட் கவுன்சிலர்கிட்ட போனோம், பேரு வேணாம். மொத சந்திப்புலயே ஒரு பேப்பர நீட்டி "நான் எனக்கு எந்தக் கெடுதலும் செஞ்சுக்க மாட்டேன்"னு எழுதி கையெழுத்து போடச் சொன்னாங்க. இவனும் போட்டான். போட்டுட்டு கார்ல வந்து "அக்கா, இது அவங்களுக்கு எழுதிக் குடுத்தது, எனக்கில்ல"ன்னான். இந்த மாதிரி கையெழுத்து ஒப்பந்தம் யார் உயிரயாவது காப்பாத்துச்சுன்னு காட்ட உருப்படியான ஆதாரமே கெடையாது, இந்தத் துறைல இருக்கறவங்களே அத விட்டு ரொம்ப நாளாச்சு. இருந்தும் இன்னும் சில எடத்துல நடக்குது. உங்ககிட்ட அப்படி ஒரு பேப்பர நீட்டினா அடுத்த ஆளப் பாருங்க.

காசு விஷயம் சுருக்கமா. காம்பாக்ட் ஆக்ட்னு ஒரு சட்டம், 2020-ல போட்டது, 2023 ஜனவரி 17-ல இருந்து அதுல சொன்ன அவசர சிகிச்சை நடைமுறைக்கு வந்துச்சு. தற்கொலை நெருக்கடில இருக்கற வெட்டரன் வி.ஏ-ல பதிஞ்சிருக்கணும்னுகூட அவசியமில்ல, 24 மாசத்துக்கு மேல சர்வீஸ் பண்ணி, டிஸ்ஹானரபிள் டிஸ்சார்ஜ் (தப்பு பண்ணி அவமானமா வெளிய அனுப்பறது) இல்லாம இருந்தா பெரும்பாலும் தகுதி உண்டு. வி.ஏ ஆஸ்பத்திரியோ வெளி ஆஸ்பத்திரியோ, உள்நோயாளியா 30 நாள் வரைக்கும், வெளிநோயாளியா 90 நாள் வரைக்கும் செலவு வி.ஏ-வோடது, ஆம்புலன்ஸும் சேத்து. வெளி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போனீங்கன்னா 72 மணி நேரத்துக்குள்ள வி.ஏ-க்கு தகவல் போகணும், டெஸ்க்ல இருக்கறவங்ககிட்ட "இவர் வெட்டரன், வி.ஏ-க்கு சொல்லிட்டீங்களா"ன்னு வாய் விட்டு கேட்டுடுங்க. பில்லு பயத்துல ஆஸ்பத்திரிக்கே போகாம இருக்கற ஆளுங்க நம்ம பக்கம் நெறைய.

இப்ப தெரபிக்கு வர்றேன். அவன் எடுத்தது வீடியோல. தற்கொலைத் தடுப்புக்குன்னு வி.ஏ ஒரு டெலிஹெல்த் திட்டம் வெச்சிருக்கு, எஸ்.பி. 2.0-ன்னு சொல்வாங்க, பக்கத்துல அதுக்கு பயிற்சி எடுத்த ஆள் இல்லாட்டியும் வேற ஊர்ல இருக்கற தெரபிஸ்ட் திரைல வருவாங்க. வீடியோவுல என்னத்த பெருசா பேசிடப் போறான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா இவனுக்கு அதுதான் வசதியாப் போச்சு. வெயிட்டிங் ரூம்ல நாலு பேர் முன்னாடி உக்கார வேணாம், அழுதா கேமராவ கொஞ்சம் மேல தூக்கி வெச்சுக்கலாம், முடிஞ்சதும் அப்படியே கட்டில்ல சாஞ்சுக்கலாம்.

மொத கொஞ்ச சந்திப்புல அவங்க கேட்டது ஒரே விஷயம், அந்த நாள். சின்ன வயசு, அப்பா அடிச்சாரா, ஆப்கானிஸ்தான்ல என்ன பாத்த, இதெல்லாம் அப்புறம். அன்னைக்கு காலைல எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொன்னா, எத்தன மணிக்கு என்ன நடந்துச்சு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, ஒடம்புல என்ன ஆச்சு, எந்த நிமிஷத்துல "முடிச்சுடலாம்"ங்கறது வந்துச்சு, எது தடுத்துச்சு. ஆர்மில ஒரு மிஷன் முடிஞ்சதும் உக்காந்து எங்க என்ன ஆச்சுன்னு பிரிச்சுப் பாப்பாங்களாம், அதே மாதிரி இருந்துச்சுன்னு சொன்னான், அதனாலயே அவனுக்கு பழக்கப்பட்ட தடமா ஆயிடுச்சு. எங்க வீட்ல யாருமே அந்த நாளப் பத்தி வாயத் திறக்கல, திறந்தா திரும்ப ஞாபகம் வந்துடும்னு பயம், சாப்பிட்டியா தூங்குனியாங்கறதோட நிறுத்திக்குவோம். தெரபிஸ்ட்டு பயப்படாம நேரா கேட்டதே அவனுக்கு பாதி பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சாம். ஒருத்தர்கிட்ட "சாகணும்னு தோணுதா"ன்னு கேட்டா அந்த எண்ணத்த நாமளே வெதச்ச மாதிரி ஆயிடும்ங்கறது தப்பு, அப்படி ஆகறதில்லன்னு ஆராய்ச்சியும் சொல்லுது. நேராவே கேளுங்க.

அப்படி பிரிச்சுப் பாத்ததுல வெளிய வந்தது என்னன்னா, நாங்க நெனச்ச மாதிரி போர் ஞாபகம் முக்கியமா இல்ல. தூக்கமில்லாத மூணு ராத்திரி, டைவர்ஸ் பேப்பர் சம்பந்தமா வந்த ஒரு மெயில், குடி, "நான் எல்லாருக்கும் சுமை"ங்கற ஒரே வரி திரும்பத் திரும்ப. சுமைங்கறது எங்க குடும்பத்துல யாரும் சொன்னதில்ல, ஆனா மூத்த பையன் காசு அனுப்பலன்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யாரும் சொல்லித்தான் தெரியணுமா.

அடுத்தது சேஃப்டி ப்ளான். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி ப்ரவுன்னு ரெண்டு உளவியலாளர்கள் உருவாக்கினது, 2008-லயே வி.ஏ-வுக்குன்னு கையேடு போட்டாங்க. ஒரே ஒரு தாள், ஆறு கட்டம். வரப்போகுதுன்னு காட்டற அறிகுறி என்ன, அப்ப தனியா நானே என்ன செஞ்சுக்க முடியும், மனச திருப்ப எங்க போகலாம் யார்கூட இருக்கலாம், யார்கிட்ட வாய் விட்டு ஒதவி கேக்கலாம், எந்த டாக்டர் எந்த ஹாட்லைன், கடைசியா வீட்ட எப்படி ஆபத்தில்லாம ஆக்கறது. கேக்க ஏதோ ஸ்கூல் வொர்க்‌ஷீட் மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ஆனா நிரப்பற விதம்தான் விஷயமே. மொத தடவ "மனச திருப்ப என்ன செய்வ"ன்னதுக்கு இவன் "வாக்கிங்"னு எழுதினான், தெரபிஸ்ட் விடல, ராத்திரி ரெண்டு மணிக்கு டெக்சாஸ்ல எங்க வாக்கிங் போவ, போன வாரம் எத்தன நாள் போன, மழை பெஞ்சா என்னன்னு கேட்டு கேட்டு கடைசில அவன் உண்மையா செய்யற ஒன்னு வந்துச்சு: வெங்காயம் நறுக்கறது. நெசமா. கூடைல கெடக்கற எல்லா வெங்காயத்தயும் பொடிசா நறுக்கி வதக்கி டப்பால போட்டு ஃப்ரீசர்ல வெப்பான். ப்ளான்ல ரெண்டாவது கட்டத்துல இப்ப அதுதான் எழுதியிருக்கு. இந்த மாதிரி சொந்த விவரம் இல்லாம பொதுவா "பாட்டு கேப்பேன், மூச்சுப் பயிற்சி"ன்னு நிரப்பின தாள் இருக்கே, அது ஃபைல்ல வெக்கத்தான் லாயக்கு.

மூணாவது கட்டத்துக்கும் நாலாவதுக்கும் வித்தியாசம் உண்டு, அது எனக்கு ரொம்ப புடிச்சது. மூணாவதுல இருக்கறவங்ககிட்ட எதையும் சொல்ல வேணாம், சும்மா கூட இருந்தா போதும், கிரிக்கெட் பாக்கற பசங்க, கோயில்ல சாப்பாடு பரிமாறற கூட்டம். நாலாவதுலதான் "எனக்கு முடியல"ன்னு சொல்லலாம்ங்கற ஆள். அவன் அதுல என் பேர எழுதுவான்னு எதிர்பாத்தேன், எழுதினது அவன் யூனிட்ல கூட இருந்த ஒரு மெக்சிகன் பையன் பேர. கொஞ்சம் வலிச்சுச்சு. அடுத்த வரில நான் இருந்தேன்னு வெச்சுக்கோங்க.

ஆறாவது கட்டம், துப்பாக்கி. டெக்சாஸ்ல எக்ஸ் ஆர்மி வீட்ல அது இல்லாம இருக்காது. அமெரிக்கால வெட்டரன்ஸ் தற்கொலைல பத்துக்கு ஏழுக்கு மேல துப்பாக்கியாலதான், எல்லா விதமும் சேத்து 2022 கணக்குல மொத்தம் 6,407 வெட்டரன்ஸ், ஒரு நாளைக்கு பதினேழு பதினெட்டு பேர். சாகணும்ங்கற அந்த உச்சகட்டம் பல பேருக்கு ரொம்ப நேரம் நீடிக்கறதில்ல, அந்த நேரத்துல கைக்கும் ஆயுதத்துக்கும் நடுவுல தூரம் இருந்தா ஆள் பொழச்சுக்கறான், பொழச்சவங்கள்ல பெரும்பாலானவங்க, பத்துக்கு ஒன்பது பேர், பின்னாடி தற்கொலையால சாகறதில்ல. இத நான் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு வந்த தெம்பு வேற எதுலயும் வரல. தெரபிஸ்ட் "வித்துடு"ன்னு சொல்லல, சொல்லியிருந்தா இவன் அன்னைக்கே லேப்டாப்ப மூடியிருப்பான். உன் துப்பாக்கி உன்னோடதுதான், இந்த சில மாசத்துக்கு அது எங்க இருக்கணும், சாவி யார்கிட்டன்னு நீயே சொல்லுன்னாங்க. அந்த மெக்சிகன் பையன் வந்து வாங்கிட்டுப் போனான். இவ்ளோ தூரம் போக மனசில்லாதவங்களுக்கு வி.ஏ-ல கேபிள் லாக் (துப்பாக்கிய சுட முடியாம பூட்டறது) இலவசமாவே குடுப்பாங்க, கேட்டா போதும். வீட்ல இருக்கற மாத்திரைக்கும் இதே பேச்சு உண்டு.

நடு சந்திப்புகள வேகமா சொல்லிடறேன், ஏன்னா அது மத்த சி.பி.டி மாதிரிதான். "சுமை"ங்கற எண்ணத்துக்கு எதிரா என்ன சாட்சி இருக்குன்னு எழுதறது, தூக்கத்த சரி பண்றது, நாள்ல ஒரு வேலையாவது திட்டம் போட்டு செய்யறது, உயிரோட இருக்கறதுக்கான காரணங்கள ஒரு பெட்டில சேத்து வெக்கறது. அந்தப் பெட்டிய ஹோப் பாக்ஸ்ங்கறாங்க, போன்ல ஆப்பாவும் இருக்கு. இவன் ஷூ டப்பால வெச்சிருக்கான், உள்ள என்னன்னு எனக்கு காட்டல, அம்மாவோட ஒரு வாய்ஸ் மெசேஜ் போன்ல தனியா சேவ் பண்ணியிருக்கான்னு மட்டும் தெரியும், "எலே மழ பெய்யுது, துணிய எடுத்துட்டியா"ன்னு டெக்சாஸ்ல இருக்கறவன்கிட்ட கேக்கற மெசேஜ்.

கடைசி கட்டம்தான் இந்த தெரபிய மத்ததுல இருந்து பிரிக்கறது, இத முடிக்காம நடுவுல விட்டுட்டுப் போனா பெரிய நஷ்டம். கண்ண மூடி அந்த ராத்திரிய திரும்ப மனசுல ஓட்டிப் பாக்கணும், அதே ரூம், அதே மெயில், ஆனா இந்த தடவ கத்துக்கிட்டத ஒவ்வொன்னா அந்தந்த எடத்துல செஞ்சு பாக்கணும், சத்தமா சொல்லணும். அப்புறம் இன்னும் வராத ஒரு நெருக்கடிய கற்பனை பண்ணி, வேலை போச்சு, அம்மாவுக்கு ஒடம்பு முடியல, அப்ப என்ன செய்வன்னு. அவங்க நடுவுல பூந்து "உன் ஃப்ரெண்ட் போன எடுக்கல, இப்ப?"ன்னு கேப்பாங்களாம். பதில் சொல்லி முடிச்சாத்தான் முடிச்சதா கணக்கு, தடுமாறினா இன்னும் கொஞ்ச நாள் தொடரும். இவன் தடுமாறினான், தொடர்ந்துச்சு. இத்தன தடவைல முடிஞ்சுடும்னு கேலண்டர் பாத்து அனுப்பி வெக்காம, ஆள் தயாரான்னு பாத்து அனுப்பறது எனக்கு ரொம்ப நாணயமாப் பட்டுச்சு.

இதெல்லாம் வேலை செய்யுதான்னா, செய்யுதுன்னு சொல்ல சாட்சி இருக்கு. ப்ரவுன் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வுல, முயற்சி பண்ணி எமர்ஜென்சிக்கு வந்த 120 பேர்ல, பத்து சந்திப்பு எடுத்தவங்க திரும்ப முயற்சி பண்றது 18 மாசத்துல பாதியா கொறஞ்சுச்சு. இது பொதுமக்கள்ல. ராணுவத்துலன்னா கொலராடோல ஃபோர்ட் கார்சன்ல 152 பேர வெச்சு பண்ணது, 2015-ல வந்துச்சு, இதோட சுருக்க வடிவத்த எடுத்தவங்க ரெண்டு வருஷத்துல திரும்ப முயற்சி பண்ணது வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களவிட 60 சதவீதம் கம்மி. சேஃப்டி ப்ளான தனியாப் பாத்தா, ஒன்பது எமர்ஜென்சி வார்டுகள்ல நடந்து 2018-ல வந்த ஆய்வுல, ப்ளானும் அப்புறம் போன் பண்ணி விசாரிக்கறதும் சேந்தப்ப ஆறு மாசத்துல தற்கொலை சம்பந்தப்பட்ட நடத்தை 45 சதவீதம் கொறஞ்சுச்சு. அந்த போன் முக்கியம், தாள மட்டும் குடுத்து அனுப்பினா இதே பலன் வரும்னு எடுத்துக்காதீங்க.

டி.பி.டி-ன்னு இன்னொன்னும் சொல்வாங்க, குரூப்ல உணர்ச்சிய சமாளிக்கற திறமைகள் கத்துக்கறது, மாசக்கணக்கா போகும். நல்ல தெரபிதான், ஆனா ப்ராங்ஸ் வி.ஏ-ல வெட்டரன்ஸ வெச்சு பண்ண ஆய்வுல (2016) அத எடுத்தவங்களும் தேறினாங்க, வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினாங்க. அதனால காத்திருப்பு பட்டியல்ல நின்னு அதத்தான் வாங்கணும்னு அடம் புடிக்க நான் சொல்ல மாட்டேன். கோபம், கைய அறுத்துக்கறது மாதிரி பல வருஷப் பழக்கம் இருந்தா கத வேற.

சரி, அந்த ஒரு ஸ்டார். ரெண்டு காரணம். இந்த சிகிச்சையோட அமைப்புல குடும்பம் ஓரமாத்தான் நிக்குது, நோயாளி விரும்பி கையெழுத்து போட்டா ஒரு சந்திப்புல கூப்பிடுவாங்க, அவ்ளோதான். தனிமனுஷனோட ரகசியம்ங்கறது புரியுது, மதிக்கிறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வெங்காயம் நறுக்கற சத்தத்த கேக்கறது தெரபிஸ்ட் இல்ல, நாங்க. ப்ளான்ல இருக்கற ஆளுங்களுக்கும் ஒரு மணி நேரம் பயிற்சி குடுத்தா என்ன, போன் வந்தா என்ன பேசணும் என்ன பேசக்கூடாதுன்னு. ரெண்டாவது காரணம், இந்த தெரபி நெருக்கடிய மட்டும்தான் கையில எடுக்குது, எடுத்தத நல்லா எடுக்குது, ஆனா முடிஞ்சப்ப தனிமை, டைவர்ஸ், ஆப்கானிஸ்தான் எல்லாம் வெச்ச எடத்துலயே இருக்கும். அதுக்கு அடுத்த சிகிச்சை தனியா தொடங்கணும், அத முன்கூட்டியே கேட்டு தேதி வாங்கி வெச்சுடுங்க, நடுவுல இடைவெளி விழ விடாதீங்க. குடும்பத்துக்குன்னா வெட் சென்டர் இருக்கு, 1979-ல வியட்நாம் ஆளுங்களுக்காக ஆரம்பிச்சது, இப்ப நாடு பூரா முன்னூறு கிட்ட இருக்கு, ஆஸ்பத்திரி வாடையே இருக்காது, கூடப் பொறந்தவங்க புருஷன் பொண்டாட்டி எல்லாரும் அங்க கேட்டுப் பாக்கலாம்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல மறந்துட்டேன், லெட்டர். க்ரைசிஸ் லைனுக்கு (வெட்டரன்ஸுக்கான நெருக்கடி போன், நம்பர் கீழ இருக்கு) கூப்பிட்ட வெட்டரன்ஸுக்கு ஒரு வருஷம் அப்பப்ப தபால்ல லெட்டர் வரும், 2020-ல இருந்து பண்றாங்க. "நல்லா இருக்கீங்கன்னு நம்பறோம்"ங்கற மாதிரி ரெண்டு வரி, பதில் போடணும்னு இல்ல, அப்பாயின்ட்மென்ட் கேக்கறதில்ல. ஜெரோம் மோட்டோன்னு ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ டாக்டர் யோசனை இது, அவரே ரெண்டாம் உலகப் போர்ல இருந்தவர், போர்க்களத்துல தனக்கு வந்த கடுதாசிதான் அவருக்கு இத தோண வெச்சுதாம். தம்பி மொத லெட்டர ஜங்க் மெயில்னு நெனச்சு குப்பைல போடப் போனான். இப்ப ஃப்ரிட்ஜ் மேல ஒரு கிளிப்ல மொத்தமா மாட்டி வெச்சிருக்கான், ஏன்டான்னு கேட்டா "சும்மா, எடம் இருந்துச்சு"ங்கறான்.

யாருக்கு இது சரிப்படாது? இன்னும் குடில இருந்து வெளிய வராம சந்திப்புக்கே ஒழுங்கா உக்கார முடியாதவங்களுக்கு அதையும் சேத்து பாக்கற எடம் வேணும், தனியா இது மட்டும் எடுத்தா நிக்காது. இங்கிலீஷ்ல மனசு விட்டு பேச வராதவங்களுக்கும் கஷ்டம், தம்பிக்கு ஆர்மி இங்கிலீஷ் நல்லா வரும், ஆனா "சுமை"ய இங்கிலீஷ்ல சொன்னப்ப அவனுக்கு அழுக வரலயாம், என்கிட்ட தமிழ்ல சொன்னப்பதான் வந்துச்சு. வி.ஏ-ல இலவசமா மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், தெரபிக்கு நடுவுல மூணாவது ஆள் இருக்கறது உங்களுக்கு ஒத்து வருமான்னு நீங்கதான் பாத்துக்கணும்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னா, ஒவ்வொரு வி.ஏ மெடிக்கல் சென்டர்லயும் தற்கொலைத் தடுப்பு கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பாங்க, ஆஸ்பத்திரி மெயின் நம்பருக்கு அடிச்சு அவங்களத்தான் கேக்கணும், அவங்க மூலமா இந்த தெரபிக்கு அனுப்பச் சொல்லுங்க. அவசரம்னா 988 அடிச்சு 1-ஐ அமுக்கணும், மெசேஜ்னா 838255, வெட்டரன்தான் பேசணும்னு இல்ல, அக்கா தங்கச்சி யார் வேணா கூப்பிடலாம், நான் கூப்பிட்டிருக்கேன், அவசரப்படாம பேசினாங்க. இந்தியால இருந்து படிக்கறவங்களுக்கு 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க. கமெண்ட்ல கேள்வி கேட்டா தெரிஞ்சத சொல்றேன், தம்பியப் பத்தி விசாரிக்காதீங்க, அவன் நல்லா இருக்கான், போன வாரம் எனக்கு நாலு டப்பா வதக்கின வெங்காயம் குடுத்து விட்டான்.